உறுதி இல்லாத காணிக்காரர்: ஆதிக்குடிகள் என்றால் யார்?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் இருக்கும் அக்கா போன மாதம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். மருமகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஏதோ விழா. தொடங்குவதற்கு முன் அவள் மேடையேறி ஒரு தாளைப் பார்த்து வாசிக்கிறாள். இந்த நிலம் அனிஷினாபே, ஹோடனோஷோனி, வென்டாட் முதலான மக்களின் பாரம்பரிய நிலம், அதன் மேல்தான் நாங்கள் கூடியிருக்கிறோம் என்ற பொருளில் நாலைந்து வரி. அங்கே இதற்கு நில ஒப்புகை என்று பெயர். பள்ளிக்கூடம், மாநகரசபை, விளையாட்டுப் போட்டி என்று எங்கும் வாசிப்பார்களாம்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் நாங்கள் அதைப் பார்த்தபோது எழுந்த விவாதம்தான் இந்தக் கட்டுரை. சித்தப்பா ஒரு நொத்தாரிசிடம் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். அவருக்கு உடனே எழுந்த கேள்வி: "காணி தங்கடை இல்லை எண்டு மேடையிலை சொல்லினம். பிறகேன் அதிலை இருக்கினம்?" பக்கத்து வீட்டு அண்ணர், "செவ்விந்தியரைச் சொல்லினம்" என்றார். தம்பியோ, "நாங்களும் இஞ்சை ஆதிக்குடிதானே, நாங்கள்தானே முதல் வந்தனாங்கள்" என்று ஒரே போடாகப் போட்டான்.

அண்ணரின் சொல்லை முதலில் ஓரம் கட்டிவிடலாம். இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்த கொலம்பசின் தவறும் தோலின் நிறமும் சேர்ந்து உருவான சொல் அது. அந்த மக்கள் தம்மை அப்படி அழைப்பதில்லை. மற்ற இருவர் சொன்னதிலும் பாதி சரி, பாதி பிழை. அந்தப் பிழைப் பாதி எங்கள் ஊரில் பேப்பரிலும் மேடையிலும் தாராளமாகப் புழங்குவதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முந்தி வந்தவர் யார் என்ற போட்டியா?

ஒரு வளவை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு தலைமுறையாக ஒரு குடும்பம் அதில் இருக்கிறது. எந்த மாமரம் யாருடையது, யார் எந்தப் பக்கத்தால் நடக்கலாம் என்றெல்லாம் அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. ஒருநாள் வேறொருவர் வந்து சுற்றிவர மதில் கட்டுகிறார். படலையில் தன் பெயரைப் போடுகிறார். இனி இந்த வளவில் நான் சொல்வதுதான் சட்டம் என்கிறார். உள்ளே இருந்த குடும்பம் அப்படியே இருக்கிறது. ஆனால் நேற்றுவரை வீட்டுக்காரர், இன்றைக்கு அவர் தயவில் இருப்பவர்கள்.

இந்த வழக்கில் அந்தக் குடும்பம் எந்த ஆண்டு அங்கே வந்தது என்பது இரண்டாம் பட்சம். யாரைக் கேட்டு மதில் கட்டினாய் என்பதுதான் முதற்கேள்வி. ஆதிக்குடி என்ற சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இன்றைய அரசு அமையும் முன்பே தமக்கென்று நிலமும் வழமையும் தலைமையும் கொண்டு வாழ்ந்து, தம்மைக் கேளாமலே அந்த அரசுக்குள் இழுத்துப் போடப்பட்டு, இன்றும் தம்மைத் தனி மக்களாகக் கருதி வாழ்கிறவர்களே ஆதிக்குடிகள். பழங்குடி, ஆதிவாசி, முதற்குடி என்று வேறு சொற்களும் உண்டு. இந்தக் கட்டுரையில் ஒரே சொல்லோடு நிற்கிறேன்.

நோர்வேயைப் பாருங்கள். அங்கே சாமி மக்கள் ஆதிக்குடிகள். (ஆம், எழுதும்போது எனக்கும் கோயில்தான் ஞாபகம் வருகிறது, அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயரே அதுதான்.) நோர்வேஜியர்களும் அந்த நாட்டுக்கு நேற்று வந்தவர்கள் இல்லை, தெற்கிலும் கரையோரத்திலும் அவர்களுக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டு வேர் இருக்கிறது. இருந்தும் சாமி மக்கள் மட்டும் ஆதிக்குடிகள் எனப்படுவது ஏன்? அரசு என்று ஒன்று எழுந்தபோது அது நோர்வேஜியரின் மொழியில், அவர்களின் சட்டத்தில், அவர்களின் அரசாக எழுந்தது. சாமி மக்களின் நிலத்தை நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா என்று நாலு நாடுகளின் எல்லைக்கோடுகள் வெட்டிப்போயின. அந்தக் கோடுகளைப் போட்டவர்கள் அவர்களைக் கேட்கவில்லை.

ஐ.நா. பொதுச்சபை 2007 செப்டம்பர் 13 அன்று ஆதிக்குடிகளின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஏற்றது. 46 உறுப்புரைகள். அவற்றில் ஒன்றில்கூட "ஆதிக்குடி என்றால் இன்னார்" என்ற வரைவிலக்கணம் கிடையாது. மறதியால் விட்டது இல்லை. "உன் இரத்தத்தில் இத்தனை பங்குதான் மிச்சம், ஆகவே நீ இனி அந்த இனம் இல்லை" என்று பெயர் வெட்டுவதற்கு வரைவிலக்கணங்களை அரசுகள் பயன்படுத்திய அனுபவம் இந்த மக்களுக்கு நிறைய உண்டு. ஆகவே நாம் யார், யார் எம்மவர் என்று தீர்மானிக்கும் உரிமை அந்த மக்களிடமே விடப்பட்டது. ஐ.நா. மதிப்பீட்டின்படி உலகில் இவர்கள் 47 கோடிக்கு மேல், சுமார் 90 நாடுகளில்.

ஆக, இதுவரை: வயது ஒரு தகுதிதான், ஆனால் அதுமட்டும் போதாது. கேளாமல் மேலே வந்து அமர்ந்த ஓர் அரசும், அதற்கடியில் கரைந்துபோகாமல் நிற்கும் ஒரு மக்களும் இருந்தால்தான் இந்தச் சொல் பொருந்தும்.

"வெறும் காணி" எப்படி உருவாகிறது?

யாழ்ப்பாணத்தில் காணி என்றால் உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம். உறுதி இல்லாதவனுக்குக் காணி இல்லை. ஆனால் ஊர்த் தரவையை யோசியுங்கள். ஒருவர் பெயரிலும் உறுதி கிடையாது. இருந்தும் எந்த ஊர் மாடு அங்கே மேயலாம், மாரியில் வெள்ளம் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று ஊருக்குத் தெரியும். வெளியூரான் வந்து பார்த்தால் அது ஆளில்லாத புல்வெளி.

அந்த வெளியூரான் ஓர் அரசாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் தீவிலேயே சாட்சி இருக்கிறது. பிரித்தானியர் 1840இல் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். காடு, தரிசு, குடியிருப்போ பயிரோ இல்லாத நிலம் எல்லாம், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரிய (அரசுக்குச் சொந்தமான) காணி என்றது அது. இந்தத் தந்திரத்தைக் கவனியுங்கள். நிலத்தை ஒருவரிடமிருந்தும் பறிப்பதாக அது சொல்லவில்லை. நிரூபிக்கும் பாரத்தைத் தூக்கி மற்றப் பக்கத்தில் வைத்தது, அவ்வளவுதான். வேட்டையாடித் தேனெடுத்து வாழ்கிறவன் காட்டை உழுவதில்லை, வேலி அடைப்பதில்லை. அவன் எந்த உறுதியைக் கொண்டுபோய்க் கச்சேரியில் காட்டுவான்?

அவுஸ்திரேலியாவில் இதே வேலையை ஒரு முழுக் கண்டத்துக்கே செய்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கருத்தின் மேல் ஒரு நாடு எழுந்தது. டொரஸ் நீரிணையிலுள்ள மேர் தீவைச் சேர்ந்த எடி மாபோ, பல்கலைக்கழகம் ஒன்றில் தோட்டக்காரராக வேலை செய்த காலத்தில்தான், தன் தகப்பன் வழித் தோட்டக்காணி சட்டப்படி முடிக்குரியது என்பதை அறிந்தார். 1982இல் தொடங்கிய வழக்கு பத்து வருடம் இழுத்தது. 1992 ஜூன் 3 அன்று அந்த நாட்டு உயர்நீதிமன்றம், நிலத்துக்கு ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கு உரிமையும் இருந்தது என்று தீர்ப்பளித்தது. மாபோ அந்த ஆண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

உறுதி இருந்தவர்களின் கதையும் எங்களுக்குத் தெரியும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய சனம் உறுதியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு முகாமில் இருந்தது. இராணுவத்தின் பிடியில் இருந்த மயிலிட்டித் துறைமுகம் விடுபட 2017 ஆகிவிட்டது. கையில் உறுதி இருந்தே 27 வருடம். அதைத் தெரிந்த எங்களுக்கு, உறுதி என்ற பொருளே இல்லாத மக்களின் வழக்கு எவ்வளவு சிக்கல் என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

ரொறன்ரோவின் வெற்று உறுதி

சித்தப்பாவுக்காகவே இந்தப் பகுதி. ரொறன்ரோ நகரின் பெரும்பகுதி நிற்கிற நிலத்தை மிசிசாகா மக்களிடம் (அதே பெயரில் இப்போது ஒரு நகரம் இருக்கிறதே, அவர்கள்தான்) 1787இல் வாங்கியதாகப் பிரித்தானியர் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்த ஆவணத்தை எடுத்துப் பார்த்தால், அது வெறும் தாள். எல்லை இல்லை, பரப்பு இல்லை, என்ன விற்கப்பட்டது என்ற விவரமும் இல்லை. மூன்று தலைவர்களின் குலக்குறிகள் மட்டும் தனித்தனித் துண்டுகளில் வரையப்பட்டு அந்தத் தாளில் ஒட்டப்பட்டிருந்தன.

இதைச் சரிக்கட்ட 1805இல் இன்னொரு ஆவணம் எழுதினார்கள். சுமார் 2,50,000 ஏக்கர் நிலம். விலை 10 ஷில்லிங். முந்தியது செல்லாது என்பதைச் சொல்லாமல் மறைத்தார்கள், 1787இல் பேசியதைவிட அதிக நிலத்தைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதே மிசிசாகா மக்களின் வழக்கு. 2010இல் கனடா அரசு 14 கோடி 50 இலட்சம் டொலர் கொடுத்து அதைத் தீர்த்துக்கொண்டது.

அக்காவின் வீடு இருக்கிற ஸ்காபரோப் பக்கம் 1923ஆம் ஆண்டு வில்லியம்ஸ் உடன்படிக்கைகளில் வரும். அது வேறு வகைச் சிக்கல். எங்கள் உறுதிகளில் ஒரு வரி வருமே, "கிணற்றில் பங்கும் நீர் அள்ளும் உரிமையும் வழிவாய்க்கால் உரிமையும் உட்பட" என்று, அதை நினையுங்கள். காணி கைமாறினாலும் கிணற்றுப் பங்கு தனியாக நிற்கலாம். நிலம் என்பது ஒற்றைப் பொருள் இல்லை. குடியிருக்கும் உரிமை, பயிரிடும் உரிமை, நடக்கும் உரிமை, தண்ணீர் எடுக்கும் உரிமை எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு. 1923இல் நிலத்தோடு சேர்த்து வேட்டை, மீன்பிடி உரிமைகளும் போய்விட்டன என்று அரசு வைத்துக்கொண்டது. அவற்றில் ஒப்பமிட்ட ஏழு ஆதிக்குடிச் சமூகங்களும் அப்படி ஒப்பவில்லை என்று நின்றன. 2018இல் அரசு அந்த உரிமைகளை ஏற்று மன்னிப்புக் கேட்டு, சுமார் 1.1 பில்லியன் டொலருக்கு இணங்கியது.

இதுதான் தாயகம் என்ற சொல்லுக்குள் இருப்பது. உறுதியில் எழுதக்கூடிய பரப்பைவிடப் பெரியது. ஒரு மக்கள் ஓர் இடத்தோடு வைத்திருக்கும் அத்தனை உரிமைகளும் பொறுப்புகளும் அதில் அடங்கும்.

தன்னாட்சி: தேசவழமையிலிருந்து தொடங்குவோம்

தன்னாட்சி என்றதும் எங்கள் ஊரில் காது கூர்மையாகிவிடும். தனி நாடா, சமஷ்டியா என்று கேள்வி பாயும். கொஞ்சம் பொறுங்கள். எங்கள் வீட்டுக்குள்ளேயே ஓர் எளிய உதாரணம் இருக்கிறது.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரிக்கிறோம். பங்குக் காணியை விற்க முதல் பங்காளிகளைக் கேட்கவேண்டும் என்கிறோம். இந்தத் தேசவழமையை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தை, யார் உருவாக்கினார்? ஒல்லாந்தர் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இல்லை. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி, மேலிடத்துக் கட்டளைப்படி, 1706-07இல் அதை எழுதித் தொகுத்தார். தமிழில் பெயர்த்து 12 முதலியார்களிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். 1806இல் பிரித்தானியர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். அதாவது வழமை முந்தி, தாள் பிந்தி. அரசு அதைக் கண்டுகொண்டது, பெற்றெடுக்கவில்லை.

ஆதிக்குடிகளின் தன்னாட்சிக் கோரிக்கை இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. பிறப்புரிமையான அதிகாரம் என்பது, ஒரு மக்கள் தாம் மக்களாக இருப்பதாலேயே தம்மிடம் இருப்பதாகக் கொள்ளும் அதிகாரம். அரசு அதை ஏற்கலாம், மறுக்கலாம், கொடுக்க முடியாது. கையளிக்கப்பட்ட அதிகாரம் என்பது மேலிருந்து சட்டம் போட்டு இறக்கியது. போட்டவரே திருப்பி எடுக்கலாம், அல்லது கொடுத்ததாகச் சொல்லிவிட்டு அலுமாரியில் பூட்டி வைக்கலாம்.

தேசவழமை ஒப்பீடு ஓர் இடத்துக்கு மேல் நடக்காது, அதையும் சொல்லவேண்டும். அது குடும்பத்துக்கும் சொத்துக்குமான சட்டம். சாதியாலும் ஆண் பெண் வேறுபாட்டாலும் நெய்யப்பட்ட சமூகத்தின் சட்டம். இன்றைக்கும் மனைவி தன் காணியை விற்கப் புருஷன் கையெழுத்து வேண்டியிருக்கிறது. "எங்கள் வழமை" என்பதால் அதற்குள் எல்லாம் நியாயம் என்று ஆகிவிடாது. இந்தச் சண்டை உலகின் எல்லா ஆதிக்குடிச் சமூகங்களுக்குள்ளும் நடக்கிறது. ஆனால் வழமையை மாற்றுவது யார் என்பதுதான் தன்னாட்சிக் கேள்வி.

நிஸ்காக்களின் 113 வருடம்

கனடாவின் மேற்கு ஓரத்தில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், நாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்கள் நிஸ்கா மக்கள். 1887இல் அவர்களின் தலைவர்கள் கடல்வழியே விக்டோரியா நகரம்வரை போய், நிலப் பிரச்சினையைப் பேசவேண்டும் என்றார்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1890இல் நிலக் குழு ஒன்றை அமைத்தார்கள். 1913இல், அன்று பேரரசின் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்கே மனு அனுப்பினார்கள். 1927இல் கனடா அரசு என்ன செய்தது தெரியுமா? ஆதிக்குடிகள் நிலக் கோரிக்கைக்காகப் பணம் சேர்ப்பதையும் சட்டத்தரணி பிடிப்பதையும் குற்றமாக்கியது. வழக்குத் தோற்பது வேறு, வழக்காடுவதே குற்றம் என்பது வேறு. அந்தத் தடை 1951வரை இருந்தது.

தடை நீங்கிய பிறகு பிராங்க் கால்டர் என்ற நிஸ்காத் தலைவரின் பெயரில் வழக்குப் போட்டார்கள். 1973 ஜனவரி 31 அன்று உச்சநீதிமன்றத் தீர்ப்பு. ஏழு நீதிபதிகள். ஆறு பேர், ஐரோப்பியர் வரும்போது நிஸ்காக்களுக்கு நில உரிமை இருந்தது என்றார்கள். அந்த ஆறு பேரில் மூவர் அது பின்னர் அழிந்துவிட்டது என்றும் மூவர் இன்னும் இருக்கிறது என்றும் பிரிந்தார்கள். ஏழாமவர், மாகாணத்தின் அனுமதி பெறாமல் போட்ட வழக்கு என்ற நடைமுறைக் காரணத்தைச் சொல்லித் தள்ளினார். ஆக நிஸ்காக்கள் தோற்றார்கள். ஆனால் "உரிமை இருந்தது" என்று ஆறு பேர் சொன்னதை யாராலும் திருப்பி விழுங்க முடியவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் அரசு மேசைக்கு வந்தது. எங்கள் ஊரில் வழக்குகளை வென்றதா தோற்றதா என்று மட்டுமே கேட்கிற பழக்கம் இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

ஒப்பந்தம் 2000 மே 11 அன்று நடைமுறைக்கு வந்தது. 1887இலிருந்து எண்ணினால் 113 வருடம். கிடைத்த நிலம் சுமார் 2,000 சதுர கிலோமீற்றர். யாழ் மாவட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மொழி, பண்பாடு, குடியுரிமை, தங்கள் காணி போன்றவற்றில் நிஸ்காச் சட்டம் மேலோங்கும். குற்றவியல் சட்டம் கனடாவினுடையது. பதிலுக்கு முன்பிருந்த வரிவிலக்கைப் படிப்படியாக விட்டுக்கொடுத்தார்கள். தங்கள் மக்களிலேயே பலர் இது போதாது என்றார்கள்; மாகாண எதிர்க்கட்சி இது அதிகம் என்று வழக்குப் போட்டது. முக்கியமான விஷயம், இந்த ஒப்பந்த உரிமைகளுக்கு கனடா அரசமைப்பின் 35ஆம் பிரிவின் காப்பு இருக்கிறது. சாதாரணச் சட்டம் ஒன்றைப்போல் அடுத்த அரசாங்கம் வந்து கிழித்துப்போட முடியாது.

எல்லோரும் இந்த வழியில் போகவில்லை. வடக்கே இனுயிட் மக்கள் 1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் என்ற தனி ஆட்புலத்தைப் பெற்றார்கள். அவர்கள் மொழியில் "எங்கள் நிலம்". இலங்கையைப்போல் முப்பது மடங்கு நிலம், சுமார் 40,000 பேர்தான். அங்கே வாக்குரிமை இனுயிட்டுகளுக்கு மட்டும் என்றில்லை, குடியிருக்கிற எல்லோருக்கும் உண்டு. பெரும்பான்மை அவர்களாக இருப்பதால் ஆட்சியும் அவர்கள் கையில் இருக்கிறது. சட்டசபையில் கட்சிகள் கிடையாது என்பது என் மனசுக்குப் பிடித்த தகவல்.

சாமி மக்களுக்கோ சேர்ந்தாற்போல் ஒரு பிரதேசமே இல்லை. ஒஸ்லோவிலும் இருக்கிறார்கள், பனிவெளியிலும் இருக்கிறார்கள். ஆல்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து 1979இல் நோர்வே நாடாளுமன்றத்துக்கு முன்னால் கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை கட்டப்பட்டது. ஆனால் அந்தப் போராட்டம் கிளப்பிய கேள்விகளால் 1989இல் காரஷோக்கில் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. தம்மைச் சாமி என்று கருதி, தாமோ பெற்றோரோ பாட்டன் பூட்டனோ வீட்டில் சாமி மொழி பேசியவர்கள் வாக்காளராகப் பதியலாம். அதிகாரம் பெரும்பாலும் மொழி, பண்பாடு, ஆலோசனை அளவில்தான்.

ஆக தன்னாட்சிக்கு ஒரே அச்சு இல்லை. நிலத்தோடு கட்டியதும் உண்டு, ஆட்களோடு கட்டியதும் உண்டு. இவற்றில் எதுவும் தனி நாடு இல்லை. 2007 பிரகடனத்தின் 3ஆம் உறுப்புரை சுயநிர்ணய உரிமையைச் சொல்கிறது. தம் அரசியல் நிலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை என்று பொருள். 4ஆவது, உள்விவகாரங்களில் தன்னாட்சி என்று அதை விரிக்கிறது. 46ஆவது, நாடுகளின் ஆட்புல ஒருமைப்பாட்டைக் குலைக்க இதைப் பயன்படுத்த முடியாது என்று கதவைச் சாத்துகிறது. அப்படிச் சாத்தியும் கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கும் அன்று எதிர்த்து வாக்களித்தன. பின்னர் மனம் மாறின. எதிர்த்த நாலு நாட்டிலும் ஆதிக்குடி நிலத்தின் மேல்தான் அரசு நிற்கிறது என்பதைத் தனியே சொல்லவேண்டுமா?

கேட்பது என்றால் எப்போது கேட்பது?

கல்யாணக் கார்ட் அடித்து, மண்டபத்துக்கு முற்பணமும் கட்டிய பிறகு பெண்ணைக் கூப்பிட்டு "உனக்குச் சம்மதமோ பிள்ளை?" என்று கேட்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கேட்டது உண்மை. அதைச் சம்மதம் கேட்டது என்று சொல்ல முடியுமா?

அங்கீகாரப் போராட்டத்தின் இன்றைய மையம் இதுதான். முன்கூட்டிய சம்மதம் என்று சொல்வார்கள்: நிலத்தைத் தொடும் எந்த வேலைக்கும் தொடங்குமுன், வற்புறுத்தாமல், முழுவிவரமும் கொடுத்துக் கேட்கவேண்டும்.

நோர்வேயின் போசன் பகுதியில் சாமி மக்கள் கலைமான் மேய்க்கும் இடத்தில் 151 காற்றாலைகளை நட்டார்கள். சுத்தமான மின்சாரம், யாருக்குக் கசக்கும்? 2021 ஒக்டோபரில் நோர்வே உச்சநீதிமன்றத்தில் இந்த வழக்கைக் கேட்ட பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக, அந்த அனுமதிகள் செல்லாது, அவை சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுகின்றன என்றார்கள். தீர்ப்பு வந்த அடுத்த நாளும் காற்றாலை சுழன்றது. 500 நாள் கழித்தும் சுழன்றது. 2023இல் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சு வாசல்களை மறித்து உட்கார்ந்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது, பிறகு உடன்பாடுகள் வந்தன. காற்றாலைகள் இன்னும் அங்கேதான். முன்கூட்டி என்ற சொல்லின் அருமை இங்கே தெரியும். நட்ட பிறகு நீதி கிடைத்தாலும் அதற்குச் சுழல்வதை நிறுத்தும் கை இல்லை.

கதிர்காமப் பாதையில்

கனடாவுக்கும் நோர்வேக்கும் இவ்வளவு தூரம் போனோம். ஒவ்வொரு வருடமும் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வெருகல், வாகரை வழியாக நடப்பார்கள். அந்தக் கரையோரத்தில் தமிழ் பேசுகிற வேடர்கள் வாழ்கிறார்கள். கடலிலும் சேனையிலும் வேலை. யாத்திரைக்காரர் தேடிப்போகிற முருகன் கைபிடித்த வள்ளியும் வேடர் மகள். வள்ளிக்குக் கோயிலில் இடம் உண்டு. வேடருக்குக் கணக்கெடுப்பில்?

1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் வேடர் என்று பதிந்தவர்கள் 5,300 அளவில். 1963இல் 400. ஐம்பது வருடத்தில் அத்தனை பேரும் செத்துப் போகவில்லை. கிழக்கில் தமிழராகவும் உள்நாட்டில் சிங்களவராகவும் பதியப்பட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாறிப்போனார்கள். அங்கீகாரம் என்பது பட்டமளிப்பு மாதிரியான சங்கதி என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்கள் போதும். எண்ணப்படாத மக்களுக்குக் காணிக் கோரிக்கையும் இல்லை, மொழிப் பாடமும் இல்லை.

வன்னியலா எத்தோ, காட்டு மக்கள், என்று தம்மை அழைத்துக்கொள்ளும் தம்பானைப் பக்கத்து வேடர்களின் காடு 1983 நவம்பரில் மதுரு ஓயாத் தேசியப் பூங்காவாகப் பிரகடனமானது. ஒரு பக்கம் மகாவலிப் பாசனத் திட்டத்துக்கு நிலம் போனது. மிச்சக் காட்டில் வேட்டையாடினால் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பலர் மகாவலிக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தலைவர் ஊருவரிகே திசாஹாமி சில குடும்பங்களோடு போகமாட்டேன் என்று நின்றார். 1998இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அடிப்படையில் 1840ஆம் ஆண்டுத் தந்திரம்தான், பெயர்ப்பலகையில் யானைப் படம் போட்டு வந்திருக்கிறது.

2007 பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. வெளியூர்க் கல்யாணத்துக்கு மொய் எழுதுவது எல்லோருக்கும் சுலபம்.

அப்ப நாங்கள்?

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஈழத்தமிழரின் அரசியல் ஆவணங்களில் ஆதிக்குடி என்ற வாதம் மையமாக இருந்ததில்லை. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானமும் 1985 திம்புக் கோட்பாடுகளும் பேசுவது தேசிய இனம் என்ற நிலையிலிருந்து: தனித்துவமான தேசிய இனம், தாயகம், சுயநிர்ணயம். தேசிய இனம் என்பது, பொது மொழி, வரலாறு, நிலம் ஆகியவற்றோடு தன்னை ஓர் அரசியல் சமூகமாகக் கருதும் மக்கள். அது வேறு சட்ட வழி. ஆதிக்குடி உரிமைக்கு 46ஆம் உறுப்புரை சாத்துகிற கதவு இதற்கு நேரடியாகப் பொருந்தாது. 2007 பிரகடனத்தின் துணையும் இல்லை.

எங்களுக்குள் இரண்டையும் குழைத்துப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. "நாங்கள்தான் முதல்" என்று தொடங்கினால் எதிர்ப்பக்கமும் "இல்லை, நாங்கள்தான்" என்று மகாவம்சத்தோடு வரும். இருவரும் கத்திக்கொண்டிருக்கும்போது வாகரைக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வாய் திறந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஆதிக்குடிகளின் அனுபவம் எங்களுக்கு நேரடியாகப் பயன்படும். 1987இல் இலங்கை அரசமைப்பின் 13ஆம் திருத்தத்தால் வந்த மாகாணசபை கையளிக்கப்பட்ட அதிகாரத்துக்கு நல்ல உதாரணம். காணி, பொலிஸ் அதிகாரங்கள் தாளில் இருக்கின்றன, கைக்கு வரவில்லை. வடமாகாணத்துக்கு முதல் தேர்தல் 2013இல்தான் நடந்தது. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. நிஸ்காக்கள் வாங்கிய நிலம் சின்னது, ஆனால் அதைத் திருப்பி எடுக்க முடியாதபடி அரசமைப்பில் ஆணி அடித்து வாங்கினார்கள். எவ்வளவு என்ற கேள்வியோடு, எவ்வளவு உறுதியாக என்ற கேள்வியையும் கேட்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதையெல்லாம் எழுதி முடித்து சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தேசவழமைப் பகுதியில் ஒரு திகதியைச் சரிபார்க்கச் சொன்னார். நிஸ்கா, சாமி எல்லாம் பொறுமையாகக் கேட்டார். 1787ஆம் ஆண்டு வெற்றுத் தாளுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"குறி மட்டும் ஒட்டிக் கிடந்ததெண்டு சொல்லுறாய். சரி. சாட்சிக் கையெழுத்து ஆர் வைச்சது?"